மாவுக்கட்டு பிரித்த பிறகு மலை ஏறணும்!

அடிபட்டால் ஊரே கூடிவிடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் தன் வீட்டுப் படியை ஏறும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நீலகிரியிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

2021 டிசம்பர் 8, நண்பகல் தாண்டிய நேரம். குன்னூரை அடுத்த காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரம் என்ற சின்ன ஊர். மரங்களுக்கு நடுவே மூட்டம் இறங்கிக் கிடந்தது. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தம், மரம் முறியும் சத்தம், அடுத்த நொடி வெடிச்சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சரிவில் தீ. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 14 பேர் அதில் வந்தார்கள் என்று அப்போது ஊரில் யாருக்கும் தெரியாது. தீயணைப்பு வண்டி அந்த இடம்வரை போக வழி இல்லை. வீட்டுக் குடங்களிலும் வாளிகளிலும் தண்ணீர் போயிற்று. உயிர் இருந்தவர்களைத் தூக்க ஸ்ட்ரெச்சரும் இல்லை. வீட்டில் போர்த்தியிருந்த போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் கிடத்தித்தான் மேட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த எம்ஐ-17 ரக ஹெலிகாப்டர் அது. 13 பேர் அன்றே இறந்தார்கள். பிழைத்த ஒரே ஒருவரான குரூப் கேப்டன் வருண் சிங், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுபோகப்பட்டு டிசம்பர் 15 அன்று இறந்தார். இதெல்லாம் நாடு முழுக்கத் தெரிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாத பின்கதை ஒன்று உண்டு. ராணுவம் அந்த ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுத்து, மாதந்தோறும் ஒரு மருத்துவரையும் செவிலியரையும் அனுப்புவதாக அறிவித்தது. ஒரு மலைக் கிராமத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றபோது, ராணுவத்துக்கு உடனே தோன்றியவற்றில் ஒன்று டாக்டர் வீட்டு வாசலுக்கு வருவது. மலையில் எது குறை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

போர்வைதான் முதல் மருந்து

அன்று அந்த மக்கள் கொண்டுவந்த போர்வை, தூக்குவதற்கு மட்டும் பயன்பட்ட பொருள் என்று நினைக்க வேண்டாம். ரத்தம் இழந்தவரின் உடல் வேகமாகக் குளிர்கிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ரத்தம் உறைவது தடுமாறுகிறது. உறையாத ரத்தம் மேலும் ஒழுகும், ஒழுக ஒழுக உடம்பு மேலும் குளிரும். சமவெளியில் மே மாத வெயிலில் அடிபட்டவருக்கே இந்த ஆபத்து உண்டு. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில், ஈரத் துணியோடு தேயிலைச் செடிக்கு நடுவே கிடப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நனைந்த துணியைக் கழற்றுவது, அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாகக் கம்பளி போடுவது, தலையை மூடுவது: ஆம்புலன்ஸ் வரும்வரை கையில் மருந்தே இல்லாதவர்கூடச் செய்யக்கூடிய சிகிச்சை இது.

தரையிலிருந்து வரும் குளிரை நம் ஆட்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். மேலே நான்கு ஸ்வெட்டர் போர்த்தி, கீழே ஈர மண்ணில் படுக்க வைத்திருப்பார்கள்.

*பெட்டிச் செய்தி: 108 வரும்வரை*

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று.

உயரத்திலிருந்து விழுந்தவர், வண்டி கவிழ்ந்து அடிபட்டவர் என்றால் கழுத்திலும் முதுகெலும்பிலும் அடி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையையும் காலையும் பிடித்து ஆளுக்கொரு பக்கம் தூக்காதீர்கள். தீ, மண்சரிவு, யானை என்று உடனடி ஆபத்து இருந்தால் மட்டும், தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலகையிலோ போர்வையிலோ நகர்த்தலாம்.

குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று பிராந்தி கொடுக்கும் பழக்கம் மலையில் இன்னும் போகவில்லை. அது உடல் சூட்டை வெளியே விட்டு, உடம்பை மேலும் குளிரவைக்கும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் டீ, தண்ணீர்கூட வேண்டாம்.

அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரைக் காவல் துறையோ மருத்துவமனையோ தொந்தரவு செய்யக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது இதற்கென்றே 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலே போகலாம்.

செகண்ட் கியரில் இறங்குங்கள் சார்!

ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சுற்றுலா வந்த ஏழு பேரின் கார் அங்கே பள்ளத்தில் பாய்ந்தது. விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் இறந்திருந்தார்கள். இருவர் உயிரோடு இருந்தார்கள். சாலையில் ஆயிரம் வண்டி போய்க்கொண்டிருக்க, சில நூறு அடிக்குக் கீழே புதருக்குள் இரண்டு நாள்! அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்தப் பாதையில் இறங்கத் தடை வந்தது.

2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே, தென்காசி மாவட்டம் கடையம் பகுதியிலிருந்து வந்த சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

மலைக்காரர்களைக் கேட்டால் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். கியரில் இறக்கத் தெரியவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடாகி, ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்காது. கருகல் வாடை வரும். அதுதான் எச்சரிக்கை மணி. அகலமான இடம் பார்த்து நிறுத்தி, ஆறவிட்டு இறங்க வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாமலிருப்பது, ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது. ஊட்டி டிரைவர்களுக்கு இது பால பாடம். சமவெளியிலேயே ஓட்டிப் பழகி, முதல் முறை மலை ஏறும் டிரைவருக்கு இதை யார் சொல்வது? மலைக்கு வர இ-பாஸ் வாங்கும்போது வண்டி எண் கேட்கிறார்கள், எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். 'செகண்ட் கியரில் இறங்கத் தெரியுமா?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் என்ன என்பது என் நெடுநாள் ஆசை.

'கோவைக்கு எழுதிட்டாங்க'

நீலகிரியில் பிறந்து வளர்ந்த யாரும் இந்த இரண்டு சொல்லைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. தலையில் அடி, முதுகெலும்பு முறிவு, பெரிய அறுவை சிகிச்சை எதுவானாலும் ஊட்டியிலோ குன்னூரிலோ முதல் கட்டுப் போட்டு, கோவைக்கு எழுதிவிடுவார்கள். ஊட்டியிலிருந்து கோவை 85 கிலோமீட்டருக்கு மேல். கூடலூர்க்காரர் முதலில் 50 கிலோமீட்டர் வந்து ஊட்டியைத் தொட வேண்டும். பந்தலூர் பக்கத்தில் இருப்பவர்கள் கணக்குப் பார்த்து, மாநில எல்லையைத் தாண்டிக் கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குப் போய்விடுவதும் உண்டு. அங்கே தமிழக அரசின் காப்பீட்டு அட்டை செல்லுமா என்ற கவலை ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்தே போகும்.

இந்த நிலை இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி, தமிழகத்தின் மற்ற பத்துப் புதிய கல்லூரிகளோடு 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அதன் 700 படுக்கை மருத்துவமனை 2025 ஏப்ரல் 6 அன்று திறப்பு விழா கண்டது. பழங்குடியினருக்குத் தனி வார்டும் இருக்கிறது. 2021 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய்வரை என்று வரம்பு வைத்தார்கள்.

ஆக, உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. 49ஆவது மணி நேரத்திலிருந்துதான் இந்தக் கட்டுரையின் கவலை ஆரம்பிக்கிறது.

சமதளத்தில் நடந்தார், டிஸ்சார்ஜ் ஆனார்

ஆஸ்பத்திரியில் வராந்தா சமதளம். வாக்கர் பிடித்து நாலு எட்டு நடந்ததும், 'நல்லா நடக்கிறீங்க, வீட்டுக்குப் போகலாம்' என்கிறார்கள். ஆனால் குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீடு சமதளத்தில் இல்லை. வண்டி நிற்கும் ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே இருக்கும், அல்லது அறுபது படி மேலே. படிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை அடி, நடுவே ஒன்று உடைந்திருக்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. பாசி மட்டும் தாராளமாகக் கிடக்கும். வாக்கரைப் படியில் வைக்கவே முடியாது. எனவே முதல் நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேர் தூக்கிப் போவார்கள். இரண்டாம் தடவை மறு பரிசோதனைக்குப் போகையில் இரண்டு பையன்கள் வருவார்கள். மூன்றாம் தடவை பெரியவர், 'எதுக்கு எல்லாருக்கும் சிரமம், வலி அவ்வளவா இல்லை' என்று போகாமலே இருந்துவிடுவார். எலும்பு கோணலாகக் கூடுவது இப்படித்தான்.

பிசியோதெரபிஸ்ட்டுகளிடம் ஒரு விதி உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். கைத்தடி எப்போதும் அடிபட்ட காலோடு சேர்ந்தே போகும். உடம்பை மேலே தூக்குவதும், இறங்கும்போது எடையைத் தாங்கி மெதுவாகக் கீழே விடுவதும் நல்ல காலின் வேலையாக அமையும்படி வகுத்த முறை இது. சமவெளியில் மாடி வீட்டுக்காரருக்குப் பயன்படும் குறிப்பு, நீலகிரியில் சோறு தண்ணீர்போல அன்றாடத் தேவை. கடைக்குப் போக, கக்கூஸ் போக, கோயிலுக்குப் போக எல்லாவற்றுக்கும் படி. இதை நோயாளியிடம் வாயால் சொல்லி அனுப்பினால் போதாது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பத்துப் படி ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். 'உங்கள் வீட்டுக்கு எத்தனை படி?' என்ற கேள்வி டிஸ்சார்ஜ் சீட்டில் அச்சடிக்கப்பட வேண்டிய ஒன்று.

ஏறுவதுதான் கஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். முழங்கால், தொடை எலும்பு முறிந்து கூடியவர்களைக் கேளுங்கள், இறங்குவதுதான் உயிரை எடுக்கிறது என்பார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். ஆறு வாரம் கட்டுக்குள் கிடந்து மெலிந்த தசையால் அது முடியாது. கால் மடங்கிவிடும். முதல் முறிவு கூடிய சில மாதங்களில் இரண்டாவது முறிவோடு வருபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

மழையும் விடுவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர்வரை கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு. ஜூன் முதல் டிசம்பர்வரை எந்த மாதத்தில் மாவுக்கட்டு போட்டாலும் எங்கோ ஓரிடத்தில் அது நனைந்துதான் தீரும். நனைந்த கட்டு ஊறி இளகி, எலும்பைப் பிடிக்கும் வேலையை விட்டுவிடுகிறது. காயவைக்கிறேன் என்று அடுப்புப் பக்கம் காலை நீட்டி, மரத்துப்போன தோல் வெந்துபோவதும் நடக்கிறது. நனைந்துவிட்டதா, புதுக் கட்டுதான் வழி. கட்டுப் போட்ட பிறகு விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரைக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்த ஓட்டம் நெரிபடுகிறது என்று அர்த்தம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டுக் கட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சுளுக்குக்கு அவர்கள் கை தேர்ந்ததாக இருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காத எலும்பின் மேல் இறுக்கிக் கட்டிய கட்டு கையையே பறித்துவிடும். காலில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால், அதுவும் உடனே 108 அழைக்க வேண்டிய அறிகுறி. உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிக்கொண்டிருக்கலாம்.

செலவில்லாத காரியங்கள் சில உண்டு. மழைக்கு முன் படியில் பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துப் பாசியை எடுப்பது. படி விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் அடிப்பது. பழைய ஜி.ஐ. பைப் ஒன்றைக் கைப்பிடியாக நட்டுவிடுவது. இதில் பஞ்சாயத்து செய்ய வேண்டியதும் உண்டு. நடைபாதை போட்டோம் என்று கணக்குக் காட்டும் இடங்களில் கைப்பிடிக் கம்பிக்கு ஏன் மதிப்பீட்டிலேயே இடமில்லை?

கொழுந்தும் கூலியும்

தேயிலைத் தோட்டத்தில் சறுக்கி விழுபவர் பெரும்பாலும் கையை ஊன்றி விழுவார். மணிக்கட்டு போய்விடும். எலும்பு மருத்துவத்தில் சாதாரண முறிவு, ஆறு வாரத்தில் கூடிவிடும் என்பார்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது சாதாரணம் இல்லை. இரண்டு இலையும் மொட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒடிபடும் வேலை, நாளெல்லாம் இரண்டு கையாலும் நடக்க வேண்டும். இப்போது பல தோட்டங்களில் கையால் பறிப்பது குறைந்து, பை பொருத்திய கத்தரியால்தான் வெட்டுகிறார்கள். அது மணிக்கட்டையும் தோளையும் இன்னும் அதிகமாக வாங்கும். முதுகில் ஈரக் கொழுந்தின் எடை வேறு.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்ததும் கை விறைத்துப் போயிருக்கும். விரலை மூடித் திறப்பது, ஈரத் துண்டைப் பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது, மணிக்கட்டை வெந்நீரில் வைத்து மேலும் கீழும் மடக்குவது என்று பல வாரம் பழக்க வேண்டும். தோட்டக் குடியிருப்பில் நடப்பது வேறு. கட்டுப் பிரித்த மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். ஆறு வாரக் கூலி போயிருக்கிறது, மளிகைக் கடையில் பாக்கி ஏறியிருக்கிறது. வலிக்கு மாத்திரை விழுங்கிவிட்டுக் கத்தரி பிடிக்கிறார்கள். மூன்று மாதத்தில், 'அந்தக் கை முன்ன மாதிரி இல்லைங்க' என்ற பேச்சு நிரந்தரமாகிவிடும்.

பெரிய எஸ்டேட்டில் இதற்கு ஒரு வழி இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நாற்றங்காலில் பை நிரப்புவது, பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற இலகு வேலையில் சில வாரம் போடுவார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் டிஸ்பென்சரியையும் நோய்க்கால உதவித் தொகையையும் முதலாளியின் கடமையாக வைத்தது. ஆனால் நீலகிரித் தேயிலையில் பெரும்பங்கு இன்று பல்லாயிரம் சிறு விவசாயிகளின் கையில் இருக்கிறது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் டிஸ்பென்சரியை எதிர்பார்க்க முடியாது. பச்சைத் தேயிலை விலை விழும்போது அவர் பாடே திண்டாட்டம். அவரிடம் நாள் கூலிக்கு வருபவர்களில் கணிசமானவர்கள் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். தமிழ் தெரியாது, ரேஷன் அட்டை ஊரில் இருக்கிறது. கவாத்துக் கத்தி காலில் பட்டால் மஞ்சளை அப்பிக்கொண்டு நாலு நாள் படுத்திருப்பார்கள். மண்ணில் புழங்கும் கத்திக் காயத்துக்கு டெட்டனஸ் ஊசி போட வேண்டும் என்ற ஒரு தகவல் அவர்களுக்கு அவர்கள் மொழியில் போய்ச் சேர்ந்தாலே பெரிய காரியம்.

கூடலூர்ப் பக்கம் இன்னொரு ஆபத்து மிளகு. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி. அதிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவருக்கு வாழ்க்கையே மாறிப்போகிறது. சக்கர நாற்காலி கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாசலைத் தாண்டினால் சரிவு, அதை எங்கே ஓட்டுவது? அவருடைய பெரிய எதிரி படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வீட்டில் ஆள் வேண்டும். அந்த ஆள் அநேகமாக மனைவி, அவருக்கும் தோட்டத்து வேலை போய்விடும். அடிபட்டது ஒருவர், வருமானம் போனது இருவருக்கு.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இங்கேதான் கைகொடுக்க வேண்டும். பிபி, சுகர் மாத்திரை கொடுக்கும் திட்டமாகத்தான் அது பலருக்குத் தெரியும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பதும் அதில் அடக்கம். கேட்டு வாங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.

இதற்கு முன்னோடி கூடலூரிலேயே இருக்கிறது. 'அஸ்வினி' என்ற அமைப்பு, பழங்குடி இளைஞர்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் குடியிருப்புகளுக்கு அவர்களுடைய மொழி பேசும், அவர்களுடைய சொந்தக்காரரான ஒருவர் போய், 'மாமா, கட்டை நீயே அவிழ்த்துப் போட்டியா?' என்று உரிமையோடு கேட்கும் ஏற்பாடு. ஆயிரம் விழிப்புணர்வு நோட்டீஸ் செய்யாத வேலையை அந்தக் கேள்வி செய்யும்.

*பெட்டிச் செய்தி: கரி மூட்டித் தூங்காதீர்கள்*

உறைபனிக் காலத்தில் ஊட்டியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். அறைக்குள் கரி அடுப்பை வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திப் படுப்பவர்கள் விடிந்ததும் எழுந்திருப்பதில்லை. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று ஆரம்பித்து நினைவு தப்பிவிடும். கனன்று புகையில்லாத கரிதான் பத்திரம் என்பது தவறான நம்பிக்கை. தூங்கும் முன் அடுப்பை வெளியே வைத்துவிடுங்கள். கூடாரத்திலும் காட்டேஜிலும் தங்கும் பயணிகளுக்கு, கேம்ப் ஃபயர் மிச்சத்தை உள்ளே எடுத்துப் போகும் ஆசை வேண்டாம். மயங்கிக் கிடப்பவரைப் பார்த்தால் முதலில் கதவைத் திறந்துவிடுங்கள், வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், பிறகு 108.

காட்டெருமைக்குச் செல்ஃபி பிடிக்காது

குன்னூரில் காலையில் பால் வாங்கப் போகிறவர் வழியில் காட்டெருமை நிற்கும். அது நின்றால் இவரும் நிற்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஒரு டன் எடையுள்ள விலங்கு சாதுவாக மேய்கிறதே என்று பக்கத்தில் போய்ப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். கொம்பு வயிற்றில் பாய்ந்தால் வெளியே சிறு துளைதான் தெரியும், உள்ளே குடல் கிழிந்திருக்கும். காயம் சின்னதுதான் என்று பிளாஸ்திரி ஒட்டி வீட்டில் இருப்பவரைத்தான் மறுநாள் காப்பாற்ற முடியாமல் போகும். கோத்தகிரிப் பக்கம் கரடி. சத்துணவுக் கூடத்து எண்ணெய்க்கும் கோயில் விளக்கு எண்ணெய்க்கும் வரும். விடியலிலும் அந்தியிலும் டார்ச்சும் பேச்சுச் சத்தமும் இல்லாமல் தேயிலைக்குள் நடக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

2024 ஜனவரியில் பந்தலூர் மேங்கோ ரேஞ்ச் பகுதியில் ஜார்க்கண்ட் தொழிலாளர் குடும்பத்தின் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், சிறுத்தை பிடிபட்டது. அதன் பிறகும் அந்தப் பாதையில் பெண்கள் வேலைக்குப் போய் வர வேண்டியிருந்தது. யானை துரத்தித் தப்பியவர், கரடியிடம் கடிபட்டுப் பிழைத்தவர் ஆகியோரின் உடம்புக் காயம் ஆறிவிடும். இலை அசைந்தால் நெஞ்சு படபடப்பதும், தூக்கத்தில் அலறுவதும் ஆறுவதற்கு நாளாகும். 'பயந்துட்டா, கயிறு கட்டியாச்சு' என்று விட்டுவிடுகிறோம். கயிறும் கட்டிக்கொள்ளட்டும். ஒரு மாதம் தாண்டியும் அந்தப் பயம் வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது, காசு இல்லை.

*பெட்டிச் செய்தி: குன்னூர் கொடுத்த ஊசி*

1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். தென்னிந்தியாவில் அதற்குச் சிகிச்சையே கிடையாது. வடக்கே காசௌலியில்தான் இருந்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ், வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடையின் துணையோடு 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகளின் காலம் முடிந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

நாயோ பூனையோ குரங்கோ கடித்தால், கீறினால்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே முதல் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாள்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். மூன்று ஊசியோடு நிறுத்திவிட்டு நாலாவதற்கு மலை இறங்க அலுத்துக்கொள்வது விளையாட்டுக் காரியம் இல்லை. நோய் வந்த பிறகு மருந்து கிடையாது.

விழுந்த அன்றே எழுதி வையுங்கள்

வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு என்பது 1923 முதல் சட்டத்தில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சாரம் மாறவில்லை. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால், குணமாகும்வரை கூலியில் பாதி அளவுக்கு உதவித் தொகை. நிரந்தர ஊனம் என்றால் அதன் விழுக்காட்டைப் பொறுத்து மொத்தத் தொகை. புதிய சட்டத்தில் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையது என்று காட்ட முடிந்தால் கணக்கில் வரும். சறுக்குப் பாதையில் அரை மணி நேரம் நடந்து மலைக்கு மேல் வேலைக்குப் போகும் தோட்டப் பெண்களுக்கு இந்த ஒரு வரி பெரிய வரி. தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து அடிபட்டால் அதற்கும் தனியாக இழப்பீட்டுப் பிரிவு இருக்கிறது, இயற்கைப் பேரிடரால் இடிந்தால் தவிர.

ஆனால் ஏட்டில் பெயர் வேண்டும். சறுக்கி விழுந்த அன்று, 'பரவாயில்லை, நாளைக்குச் சரியாப் போகும்' என்று வீட்டுக்குப் போய்விட்டு, பத்தாம் நாள் வீக்கத்தோடு டிஸ்பென்சரிக்குப் போனால், 'எங்கே விழுந்தியோ?' என்பார்கள். அன்றே மேஸ்திரியிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் ஆஸ்பத்திரி சீட்டில் 'வேலை செய்யும் இடத்தில் விழுந்தார்' என்று எழுதியிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயைத் தொலைக்காதீர்கள். மழை ஒழுகும் கூரைக்குக் கீழே வைக்காமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். இழப்பீடு கேட்க இரண்டு வருட அவகாசம் உண்டு. குன்னூரில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. போகும்போது சங்கத்து ஆள் ஒருவரைக் கூட அழைத்துப் போனால், அன்று வீணாகும் ஒரு நாள் கூலிக்குப் பலன் இருக்கும்.